அத்துவிதப் பாடல் மரபு: நெய்வேலி வட்டாரம்

அத்துவிதம் என்பது கடவுள், உயிர், உலகு என்னும் மூன்றுக்கும் இடையிலுள்ள உறவை இரண்டற்ற நிலையாகக் கொள்ளும் மெய்ப்பொருட் கொள்கையாகும். உபநிடதங்களில் வேர்கொண்ட இக்கொள்கைக்கு, எட்டாம் நூற்றாண்டினராகப் பெரும்பாலோர் கொள்ளும் ஆதிசங்கரர், பிரமம் ஒன்றே மெய்ப்பொருள், உயிர் அதனின் வேறன்று, உலகு அதன்மேல் தோன்றும் தோற்றமே என்று வரையறை செய்தார். இதனைக் கேவலாத்துவிதம் என்பர்; இதனை மறுத்த தமிழ்ச் சைவர்கள் மாயாவாதம், ஏகான்மவாதம் என்று வழங்கினர். வடமொழியில் இவ்விவாதம் பெரும்பாலும் பாடியங்களிலும் அவற்றின் உரைகளிலும் நடந்தது. தமிழில் அது பாடலுக்குள் புகுந்து, பாடலாகவே வளர்ந்தது. வாதம் செய்வோரும், வாதத்தைக் கடந்துவிட்டதாகச் சொல்வோரும், குருவைப் போற்றுவோரும், பசித்தவனுக்குச் சோறிடச் சொல்வோரும் செய்யுளையே கருவியாகக் கொண்டனர். எந்தச் செய்யுள் வடிவத்தை ஒருவர் தேர்ந்தார் என்பதைக் கொண்டே அவர் யாரை நோக்கிப் பேசினார், இருமையின்மையை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதைப் பெருமளவு உய்த்துணர முடிகிறது.

இம்மரபின் மிக நெருக்கமான வளர்ச்சியைத் தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் காணலாம். அந்நிலத்தின் நடுவே, இன்றைய கடலூர் மாவட்டத்தில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களால் அறியப்படும் நெய்வேலி நகரியம் அமைந்துள்ளது. நகரியம் 1956ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்தது. ஆயினும் அதன் கிழக்கே வடலூரும், மேற்கே விருத்தாசலமும் பெண்ணாடமும், வடக்கே பண்ணுருட்டியை அடுத்த திருவதிகையும் திருத்துறையூரும், தெற்கே எறும்பூரும் காட்டுமன்னார்கோயிலும், தென்கிழக்கே சிதம்பரமும் உள்ளன. இந்தியத் தத்துவ வரலாற்றில் தனி அதிகாரம் பெறத்தக்க பெயர்கள் இத்தனை சிறிய பரப்பில் குவிந்திருப்பது, தமிழ்நாட்டிலேயே வேறிடத்தில் எளிதில் காணக்கிடைக்காதது.

சூத்திரம், வெண்பா, விருத்தம்

இவ்வட்டாரத்தின் தத்துவ வரலாறு வைணவத்திலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. வீரநாராயணபுரம் எனப்பட்ட காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள், சிதறிக் கிடந்த ஆழ்வார் பாசுரங்களை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமாகத் தொகுத்து, பண்ணோடு பாடும் முறையை ஏற்படுத்தினார் என்பது வைணவ மரபு. அவருடைய பேரர் ஆளவந்தார் எனப்படும் யாமுனாசாரியர், சித்தித்திரயம் முதலிய வடமொழி நூல்களில் கேவலாத்துவிதத்தை எதிர்த்து வாதிட்டு, பின்னர் இராமானுசர் முழுமைப்படுத்திய விசிட்டாத்துவிதத்துக்கு, அதாவது உயிரையும் உலகையும் இறைவனின் உடலாகக் கொண்டு ஒருமையை நிறுவும் கொள்கைக்கு, அடித்தளம் இட்டார். பாட்டனார் பாடலைத் தொகுக்கப் பேரர் தருக்கத்தைக் கட்டியமைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. மெய்ப்பொருளைச் சொல்லப் பாடலும் தருக்கமும் ஒன்றையொன்று தேடிய நிலை இங்கே ஒரே குடும்பத்தில் நிகழ்ந்தது.

சைவத்தில் அந்த இணைப்பு ஒரே நூலுக்குள் நிகழ்ந்தது. பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளர் என்னும் வேளாளரின் மகனாகப் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை இயற்றினார். 12 சூத்திரங்களே கொண்ட இந்நூல், இரௌரவ ஆகமத்தின் ஒரு பகுதியைத் தழுவியதா, தமிழிலேயே முதலில் எழுந்ததா என்ற வழக்கு அறிஞரிடையே இன்றும் முடியவில்லை. இரண்டில் எது உண்மையாயினும் நூலின் நோக்கம் தெளிவானது. வேதாந்திகள் அத்துவிதம் என்ற சொல்லுக்கு "ஒன்று" என்று பொருள் கொண்டிருக்க, மெய்கண்டார் அச்சொல்லே இரண்டு பொருள்கள் உண்டு என்பதை முன்கொண்டு, அவை பிரிக்க முடியாதபடி கூடிநிற்கும் உறவை உணர்த்துவதாக விளக்கினார். இறைவன் உயிரோடு கலப்பினால் ஒன்றாகவும், பொருள்தன்மையால் வேறாகவும், செயலுக்குத் துணைநிற்பதால் உடனாகவும் இருக்கிறான் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடாயிற்று. சூத்திரம் மனப்பாடத்துக்குரியது, அதன்கீழ் வரும் எடுத்துக்காட்டு வெண்பாக்கள் மனம் தோய்வதற்குரியவை என்ற பிரிவும் இந்நூலிலேயே காணப்படுகிறது. தருக்கத்தின் வறட்சிக்கு இடையே வரும் அவ்வெண்பாக்களே இந்நூலை இலக்கியமாகவும் ஆக்குகின்றன.

மெய்கண்டாரின் மாணவரான திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் முதலில் அவருடைய குடும்பத்தின் குலகுருவாக இருந்தவர். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அம்முதியவர், சிறுவரான மெய்கண்டாரைக் காண வந்து, ஆணவம், அதாவது உயிரின் அறிவை மறைத்துநிற்கும் மூலமலம், எப்படியிருக்கும் என்று வினவியதாகவும், விடைகூறாது தம்மையே மெய்கண்டார் நோக்கிய பார்வையில் தம் செருக்கே விடையாக நிற்பதை உணர்ந்து, அவ்விடத்திலேயே மாணவரானதாகவும் மரபு கூறும். அருணந்தியின் சிவஞான சித்தியார் ஆசிரியரின் சுருக்கமான சூத்திரங்களை ஓசை நிறைந்த விருத்தங்களாக விரித்தது; அதன் பரபக்கம் மாயாவாதம் உள்ளிட்ட பிற கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறது, சுபக்கம் தன் கொள்கையை நிறுவுகிறது. திருவதிகை மனவாசகம் கடந்தார் உண்மை விளக்கத்தில் மாணவன் வினவ ஆசிரியர் விடையளிக்கும் எளிய வெண்பாக்களைக் கையாண்டார். இவர்களுக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், திருவியலூர் உய்யவந்த தேவர் திருவுந்தியாரை மகளிர் ஆடும் உந்தி என்னும் விளையாட்டின் பாடல் வடிவில் அமைத்திருந்தார். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின், 1927இல், இரமண மகரிஷி தம் உபதேச உந்தியாருக்கு அதே வடிவத்தைக் கையாண்டது இம்மரபின் நீட்சிக்கு நல்ல சான்றாகும்.

உமாபதி சிவம் இக்குழுவின் கடைசி ஆசிரியர். மெய்கண்ட சாத்திரங்கள் எனப்படும் சைவ சித்தாந்த நூல்கள் பதினான்கில் எட்டு அவர் இயற்றியவை. சிதம்பரம் கோயிற் பூசகர்களான தில்லை வாழந்தணருள் ஒருவரான அவர், மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டு, நெசவாளர் பாவுக்கு வார்த்த கஞ்சியைக் குரு பருகியபோது ஒழுகியதைத் தாமும் ஏந்திப் பருகியமையால், தம் குழுவினரால் விலக்கப்பட்டுச் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்பர். பின்னொரு திருவிழாவில் கோயிற்கொடி ஏறாது நிற்க, அவர் கொடிக்கவி பாடியதும் ஏறியதாகக் கூறும் கதை, சாதிக் கட்டுப்பாட்டைக் காட்டிலும் பாடலே கோயிலுக்கு நெருக்கமானது என்று மக்கள் நம்பியதைப் புலப்படுத்துகிறது. அவருடைய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அதாவது கி.பி. 1313, என்ற காலக்குறிப்பைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், தமிழ்த் தத்துவ வரலாற்றுக்கு உறுதியான கால எல்லையைத் தருகிறது. அந்நூலில் மாயாவாதி முதலாகப் பல கொள்கையினர் வரிசையாக வந்து, முன்னவரைப் பின்னவர் மறுக்கின்றனர். சிவப்பிரகாசத்தில் அத்துவிதத்துக்குப் பிற கொள்கையினர் கூறும் உவமைகளான பொன்னும் அணியும், இருளும் ஒளியும், சொல்லும் பொருளும் ஆகியவற்றை விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் ஒளியும் என்னும் உவமைகளை அவர் நிறுவினார். பொன் அணியாகும்போது இரண்டு என்பதே இல்லை. இருளும் ஒளியும் ஒருபோதும் கூடுவதில்லை. கண்ணோ தன்னிடம் காணும் ஆற்றல் இருந்தும் கதிரொளி கலந்தாலன்றிக் காண்பதில்லை. கலந்தும் கெடாத அந்த இருப்பே உமாபதியார் கொண்ட இருமையின்மை.

எறும்பூரும் விருத்தாசலமும்

சித்தாந்தத்தின் இக்கோட்டைக்கு அருகிலேயே, அது மறுத்த வேதாந்தமும் தமிழ்ப் பாடலாகத் தழைத்தது என்பது பலர் கவனிக்கத் தவறிய செய்தியாகும். 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் தத்துவராயரின் சமாதி, விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள எறும்பூரில் உள்ளது. அவரும் அவருடைய தாய்மாமன் சொரூபானந்தரும், முதலில் குருவைக் கண்டடைபவர் மற்றவருக்குக் குருவாவது என்று உடன்பட்டு ஆளுக்கொரு திசையில் சென்றனர் என்றும், சொரூபானந்தர் சிவப்பிரகாசர் என்னும் ஞானியை அடைந்து உணர்வு பெற்றபின் தத்துவராயர் அவருக்கு மாணவரானார் என்றும் வரலாறு கூறும்.

தத்துவராயரின் துணிவு அவர் கையாண்ட வடிவங்களில் வெளிப்படுகிறது. பரணி என்பது போர்க்களத்தில் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடும் நூல்வகை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அதன் தலைசிறந்த சான்று. காளியும் பேய்களும் கூழ் அடுதலும் நிறைந்த அந்த வடிவத்தை எடுத்து, கொல்லப்பட்ட பகை அறியாமை என அஞ்ஞவதைப் பரணியையும், மயக்கம் என மோகவதைப் பரணியையும் அவர் பாடினார். தேவி பேய்களுக்குத் தத்துவம் உரைப்பதாக அமைந்த பகுதியே சசிவன்னபோதம் என்னும் பெயரில் தனி நூலாகவும் வேதாந்த மடங்களில் பயிலப்பட்டது. போரில் ஓர் எலும்பைக்கூட முறிக்காத துறவியான சொரூபானந்தருக்குப் பரணி பாடுவது இலக்கண வழு என்று புலவர் சிலர் எதிர்த்தபோது, தத்துவராயர் அவர்களைக் குருவிடம் அழைத்துச் சென்றதாகவும், அவர் முன்னிலையில் அனைவர் மனமும் நாட்கணக்கில் ஓய்ந்து நின்றதாகவும், எழுந்தபின் அவர்கள் யானைகளை வெல்வது இதன்முன் எளிது என்று ஒப்புக்கொண்டதாகவும் வழங்கும் கதையை, இரமணர் தம்மிடம் வந்தோருக்குப் பலமுறை எடுத்துக் கூறியிருக்கிறார்.

பாடுதுறை என்னும் தொகுதியில் அம்மானை, ஊசல் முதலிய ஆடல் பாடல் வடிவங்களையெல்லாம் தத்துவராயர் ஞானத்துக்கு உரியனவாக்கினார். சித்தாந்த ஆசிரியர்கள் கற்றோரை நோக்கி வாதிட்டபோது, இவர் தெருவிலும் முற்றத்திலும் ஒலித்த மெட்டுகளை நோக்கித் திரும்பினார் எனலாம். சொரூபானந்தர் தொகுத்ததாகக் கூறப்படும் சிவப்பிரகாசப் பெருந்திரட்டும், தத்துவராயரின் குறுந்திரட்டும் தமிழ் மெய்ப்பொருட் பாடல்களைப் பொருள்முறையில் திரட்டியவை. அவற்றில் சைவமென்றும் வேதாந்தமென்றும் பாகுபாடு காட்டாமல் பாடல்கள் அருகருகே வைக்கப்பட்டிருப்பது, பிற்காலச் சமரச நோக்குக்கு முன்னோடியாக எண்ணத்தக்கது.

விருத்தாசலம் என்னும் முதுகுன்றத்திலும் இம்மரபு தழைத்தது. திருவண்ணாமலைக் குகை நமசிவாயரின் மாணவரான குரு நமசிவாயர், சிதம்பரம் செல்லும் வழியில் இங்கே பசியோடு தங்கி, பெரியநாயகியை முதியவளாக விளித்துச் சோறு வேண்டிப் பாட, அம்மை "என்னை ஏன் கிழவி என்றாய்" எனக் கேட்டு, இளமையாகப் பாடச்செய்து, இளமங்கையாய் வந்து அமுதளித்தாள் என்பது தலத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. இதே அம்மையின் அருளைப் பெற்றவராகப் போற்றப்படும் குமாரதேவர், 17ஆம் நூற்றாண்டில் விருத்தாசலத்தில் மடம் அமைத்து வாழ்ந்த வீரசைவத் துறவி ஆவார். கன்னட நாட்டை ஆண்ட அரசர் என்றும், அரசு துறந்து பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகளை அடைந்தவர் என்றும் அவரைப் பற்றிய வரலாறு சொல்கிறது. மகாராசா துறவு, சுத்த சாதகம், அத்துவித உண்மை, பிரமானுபூதி விளக்கம் முதலிய அவருடைய நூல்கள், உடலில் இலிங்கம் தரிக்கும் வீரசைவ ஒழுக்கத்தையும் உபநிடத ஒருமையையும் ஒரே நெறியாக்கிக் காட்டின. அவருடைய மொழி கடினமற்றது. வாதத்துக்காகவன்றிப் பயிற்சிக்காக எழுதப்பட்ட மொழி அது.

குமாரதேவரிடம் பயின்ற சிதம்பர சுவாமிகள் பின்னர்த் திருப்போரூர் முருகன் கோயிலைப் புதுப்பித்து, அவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டார். சீகாழிக் கண்ணுடைய வள்ளல் இயற்றிய ஒழிவிலொடுக்கம் என்னும் ஞானநூலுக்கு அவர் உரை வரைந்தார். விருத்தாசலத்தில் பயின்ற மாணவரின் அவ்வுரையே, இருநூறாண்டுகளுக்குள் சென்னையில் ஓர் இளைஞர் கைக்கு வந்து, மீண்டும் இதே வட்டாரத்துக்கு இம்மரபைத் திருப்பிக் கொணர்ந்தது. அவ்விளைஞர் இராமலிங்கர்.

இக்காலப் பகுதியில் வட்டாரத்துக்கு வெளியே எழுந்த இரண்டு ஆக்கங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் தமிழ் வேதாந்தப் பாடநூலாகப் பரவியது; ஜெர்மானிய அறிஞர் கார்ல் கிரவுல் 1855இல் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டதால் ஐரோப்பாவையும் எட்டியது. திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த தாயுமானவர், வேதாந்தமும் சித்தாந்தமும் முடிவில் ஒன்றே எனக் கண்ட சமரச நெறியை இசையோடு பாடினார்; சமரசம் என்ற சொல்லை இராமலிங்கர் தம் சங்கத்தின் பெயரிலேயே ஏற்றுக்கொண்டார்.

வடலூர்

இராமலிங்க அடிகள், வள்ளலார் என மக்களால் அழைக்கப்படுபவர், 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்துக்கு வடமேற்கிலுள்ள மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் பிறந்தார். தந்தை மறைந்தபின் குடும்பம் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறியது. கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் அவர் பாடிய பாடல்கள் முருகனிடமும் சிவனிடமும் உருகும் பத்தியின் வழிப்பட்டவை. சென்னையில் அவர் பதிப்பாளராகவும் விளங்கினார்: ஒழிவிலொடுக்கத்தைச் சிதம்பர சுவாமிகள் உரையோடு 1851இல் அச்சிட்டார், தொண்டமண்டல சதகம் 1855இலும், சின்மய தீபிகை 1857இலும் வெளிவந்தன. அவருடைய தத்துவத்தை அவர் பாடல்களை மட்டும் கொண்டு அளக்கும் வழக்கம் இருக்கிறது. இப்பதிப்புகள் எவ்வெந்நூல்களில் அவர் தோய்ந்திருந்தார் என்பதற்குத் திட்டமான சான்று என்பதால் அவற்றுக்கு உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.

சென்னையை நீங்கிய அடிகள் வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கி, அடிக்கடி சிதம்பரம் சென்று வழிபட்டுப் பாடினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். வடலூர் எனப்படும் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் அளிக்க, 1867 மே 23ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் வினவாமல் பசித்து வருவோர்க்கு உணவிடும் அச்சாலையின் அடுப்பு அன்று மூட்டப்பட்டது முதல் அணைக்கப்படாமல் எரிந்துவருகிறது.

தருமச்சாலையை அறப்பணி என்று மட்டும் கொள்வோர் அதன் தத்துவ அடிப்படையைக் காணத் தவறுகின்றனர். உயிர்களெல்லாம் ஒரே இயற்கை உண்மையால் ஆக்கப்பட்டவை ஆதலால் அவற்றுக்கிடையே ஆன்ம உரிமை உண்டு. ஓருயிர் துன்புறக் கண்டு மற்றோருயிர் உருகுவது அவ்வுரிமையின் வெளிப்பாடு. துன்பங்களில் பசியே தலையாயது. எனவே பசியை நீக்குவதே கடவுள் வழிபாடு என்பது ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அடிகள் படிப்படியாகக் கட்டியெழுப்பும் வாதம். இரண்டற்ற நிலை என்பது மெய்கண்டாருக்கு இறைவனும் உயிரும் கூடும் உறவு. தத்துவராயருக்கு அறியாமை அழிந்த வெற்றி. அடிகளுக்கோ அது உயிருக்கும் உயிருக்கும் இடையே உள்ள உறவாயிற்று. இந்தத் திருப்பமே இவ்வட்டாரம் இந்தியத் தத்துவத்துக்கு அளித்த மிகப் பெரிய கொடை என்று கருதுவதற்கு இடமுண்டு. இருமையின்மையை உணர்ந்தவன் உலகிலிருந்து ஒதுங்குவான் என்ற பழைய எதிர்பார்ப்புக்கு மாறாக, உணர்ந்தவன் அடுப்பு மூட்டுவான் என்று அடிகள் வாழ்ந்து காட்டினார்.

அதே 1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலிய அன்பர்கள் அடிகளின் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கைத் திருவருட்பா என்னும் பெயரில் வெளியிட்டனர். தேவாரம், திருவாசகம் முதலிய சைவத் திருமுறைகளுக்கே உரிய பெயர்களை வாழும் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டியது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் போலியருட்பா மறுப்பை வெளியிட்டார்; சிதம்பரத்தில் எழுந்த பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அருட்பா மருட்பாப் போர் எனப்படும் இவ்விவாதம் இருவருக்கும் பின்னும் தொடர்ந்து, இசுலாமியத் தமிழறிஞரான சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று சொற்பொழிவாற்றும் அளவுக்கு விரிந்தது. தனிமனிதர் பகையாக இதனைச் சுருக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு பாடலைத் திருமறையாக்குவது எது, மரபு வகுத்த எல்லையா, பாடியவரின் அனுபவமா என்னும் மெய்யான வினா அதனுள் இருந்தது. நாவலரின் கவலை மரபைக் காப்பதில் இருந்தது, வேலாயுத முதலியாரின் உறுதி அனுபவத்தில் இருந்தது.

1870இல் அடிகள் வடலூருக்குத் தெற்கேயுள்ள மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் எனப் பெயரிட்ட மாளிகையில் குடிபுகுந்தார். வடலூரில் எண்கோண வடிவில் அவர் அமைத்த சத்திய ஞானசபை 1872 ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று திறக்கப்பட்டது. அங்கே உருவ வழிபாடு இல்லை. மாயையின் மறைப்புகளைக் குறிக்கும் ஏழு வண்ணத் திரைகளுக்கு அப்பால் கண்ணாடியும் சோதியுமே உள்ளன. மாதப் பூசத்தில் ஆறு திரைகளும் தைப்பூசத்தில் ஏழு திரைகளும் நீக்கப்படுகின்றன. அறியாமை விலக மெய்ப்பொருள் விளங்கும் என்னும் வேதாந்தக் கருத்தும், மலம் நீங்க அருள் பதியும் என்னும் சித்தாந்தக் கருத்தும் எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டுணரும் காட்சியாக அங்கே ஆக்கப்பட்டன.

அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சித்திவளாகத்தில் இயற்றப்பட்டதாகக் கூறப்படும் அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளைக் கொண்டது. அகவல், ஆசிரியப்பா எனவும் வழங்கும் பழமையான பாவகை. சங்கப் புலவர்கள் ஆண்ட வடிவம் அது. விருத்தத்தில் பல்லாயிரம் அடிகள் பாடிய அடிகள், தம் முடிந்த அனுபவத்தை உரைக்கையில் ஈரடிகளாக அடுக்கிச் செல்லும் இந்நெடும்பாவைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று தத்துவங்களை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றையும் ஒரே சோதியின் செயலாகக் காட்டிச் செல்லும் அதன் போக்கு, கூட்டாக ஓதுவதற்கு ஏற்றது. இன்றும் சன்மார்க்க அன்பர்கள் அதனை முற்றோதல் செய்கின்றனர்.

அடிகளின் கடைசி ஆண்டுகளின் போதனை அவருடைய முந்தைய நிலையிலிருந்து வெகுதூரம் சென்றது. 1872இல் சங்கத்தின் பெயரை "வேதம்" என்ற சொல் நீக்கிச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். 1873 அக்டோபரில் கொடியேற்றி நிகழ்த்திய பேருபதேசத்தில் சமயங்களிலும் சாத்திரங்களிலும் பற்று வைக்க வேண்டா என அறிவித்தார். 1874 ஜனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறைக்குள் புகுந்து கதவை மூடச்செய்தார்; அதன்பின் எவரும் அவரைக் கண்டிலர். இந்நிகழ்வை அன்பர்கள் ஒளியுடல் பெற்ற சித்தியாகக் கொள்கின்றனர். ஐந்தாம் திருமுறை 1880இலும், சமயங் கடந்த பாடல்கள் நிறைந்த ஆறாம் திருமுறை 1885இலும் வெளிவந்தன. இதற்கிடையே 1882இல் வேலாயுத முதலியார் தம் ஆசானைப் பற்றிப் பிரம்மஞான சபையினருக்கு அளித்த வாக்குமூலம் அச்சபையின் இதழில் வெளியாகி, அடிகளின் பெயரை ஆங்கிலம் அறிந்தோரிடம் கொண்டுசென்றது.

நகரியத்தின் காலம்

1930களில் நெய்வேலிப் பகுதியின் நிலவுடைமையாளர் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கண்ட கரிய பொருள் பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டதும், 1956 நவம்பரில் நிறுவனம் உருவாகி 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததும் தொழில் வரலாற்றுக்கு உரியவை. சமய வரலாற்றுக்கு உரியது, அதன்பின் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரும் பொறியாளரும் தங்கள் ஊர்த் தெய்வங்களோடு இவ்வட்டாரத்தின் பாடல் மரபையும் ஏற்றுக்கொண்டதாகும். நகரியத்தில் எழுந்த அழகிய திருச்சிற்றம்பலமுடையான் கோயிலில் பத்தடிக்கு மேல் உயரமுள்ள ஐம்பொன் நடராசர் திருமேனி உள்ளது. நாயன்மார் அறுபத்துமூவர்க்கும் அங்கே இடமுண்டு. குறையுடையோர் அதனை எழுதி இட்டு அடிக்கும் ஆராய்ச்சி மணியும் அங்கே அமைந்துள்ளது. மனுநீதிச் சோழனின் அம்மணியை நினைவூட்டும் இவ்வழக்கம், அச்சோழன் கதையை மனுமுறைகண்ட வாசகம் என்னும் பெயரில் 1854இல் உரைநடையாக எழுதிய வள்ளலாரின் நிலத்துக்கு அருகே வழங்குவது இயல்பாகப் பொருந்துகிறது.

நகரியம் எழுவதற்குச் சற்று முன்னரே வடலூர் புத்துயிர் பெற்றிருந்தது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், பதவி நீங்கியபின் வடலூரில் தங்கிச் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவிக் கல்விப் பணியிலும் ஆதரவற்றோர் பணியிலும் ஈடுபட்டார். இரமணரிடமும் ஈடுபாடு கொண்டிருந்த அவரில் திருவண்ணாமலையின் ஞானமும் வடலூரின் காருண்யமும் இயைந்திருந்தன.

பதிப்பு வரலாற்றில் இரண்டு முயற்சிகள் நிலைத்தவை. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை திருவருட்பாவைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். வடலூரில் வாழ்ந்த ஊரன் அடிகள் 1972இல் வெளியிட்ட பதிப்பு பாடல்களைக் கால முறையில் வைத்ததால், கந்தகோட்டத்துப் பத்தியிலிருந்து ஆறாம் திருமுறைக்கு அடிகள் நகர்ந்த வழியைப் படிப்பவர் தாமே தொடர முடிந்தது. மெய்கண்ட சாத்திரங்களுக்கு, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் முதல் நல்லசாமிப் பிள்ளையின் 1895ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வரை, தொடர்ந்த உழைப்பு கிடைத்திருக்கிறது. தத்துவராயரின் பாடுதுறைக்கும் பரணிகளுக்கும், பெருந்திரட்டுக்கும், குமாரதேவரின் சாத்திரங்களுக்கும் அத்தகைய உழைப்பு கிடைக்கவில்லை. எறும்பூர் சமாதியைக் கடந்துசெல்வோரில் அங்கே அடங்கியிருப்பவர் தமிழ் வேதாந்தப் பாடலின் முதன்மையான கவிஞர் என்பதை அறிந்தோர் சிலரே. சுவடிகளோடு ஒப்பிட்டு, அருஞ்சொற்பொருளும் பாட வேறுபாடுகளும் தந்து, திரட்டுகளிலுள்ள பாடல்களின் மூலநூல்களைக் கண்டறிந்து வெளியிடும் பதிப்பு ஒன்று அவருக்கும் குமாரதேவருக்கும் வந்தால்தான், மெய்கண்டாருக்கும் வள்ளலாருக்கும் இடைப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இந்நிலத்தில் பாடப்பட்டவை எவை என்பது முழுமையாகத் தெரியவரும்.